வாய்க்காலில் சக்கர் மீன்: எங்கெல்லாம் வந்துவிட்டது? பார்த்தவர்கள் இங்கே எழுதுங்கள்

#1 வாய்க்கால்கரை

ஜனவரி 28-ல் மேட்டூரை அடைத்த பிறகு எங்கள் பக்கத்து வாய்க்கால்களில் தண்ணீர் கொஞ்ச நாளில் வடிந்துவிடும். பாலத்தடியிலும் மதகுக்குக் கீழேயும் மட்டும் மடுவாகத் தேங்கி நிற்கும். ஊர்ப் பையன்கள் அதில் இறங்கித்தான் விரால், குறவை, ஆரால் என்று தடவிப் பிடிப்பார்கள். இந்த முறை விராலோடு சேர்ந்து வேறொன்றும் கையில் ஏறியது. கருத்த உடம்பு, தொட்டால் சொரசொரவென்று எலும்புத் தகடு, தலைக்கு அடியில் வட்டமான உறிஞ்சு வாய், முதுகில் பாய்மரம் மாதிரி விரியும் துடுப்பு. பையன்களே "டேங்க் க்ளீனர்டா" என்று சொல்லிவிட்டார்கள். சக்கருக்குத்தான் அந்தப் பெயர். அவர்களுக்குத் தெரிந்த மீன்தான். ஆனால் கண்ணாடித் தொட்டியில்.

எனக்குக் கவலை தந்தது பெரிய மீன் இல்லை. முழங்கை நீளத்தில் ஒன்று கிடைத்தால் யாரோ வளர்த்துவிட்டு ஊற்றிவிட்டார்கள் என்று விட்டுவிடலாம். அதே மடுவில் சுண்டுவிரல் நீளத்தில் மூன்று நான்கு குஞ்சுகளும் இருந்தன.

இது காவிரி டெல்டாவில் ஒரு 'சி' வாய்க்கால், கிளைக்குக் கிளையாகப் பிரிகிற சின்ன வாய்க்கால். ஊர்ப் பெயரை வேண்டுமென்றேதான் போடவில்லை, கேட்பவர்களுக்குத் தனிச்செய்தியில் தருகிறேன். படம் இணைத்திருக்கிறேன். மற்ற பக்கங்களில் பார்த்தவர்கள் ஊர், மாதம், ஆறா ஏரியா வாய்க்காலா என்று எழுதினால் ஒரே இடத்தில் சேர்த்துவிடலாம்.

#2 சும்மா ஒருத்தன்

எவனோ வீடு மாத்தும்போது தொட்டியோட கொட்டிட்டுப் போயிருப்பான். புண்ணியம்னு நினைச்சிருப்பான்.

#3 கொளத்தூர் ஆள்

அண்ணே, அது பாதிதான் உண்மை. நான் கலர் மீன் வியாபாரத்தில் இருக்கிறவன், அதனால் சொல்கிறேன். இரண்டு அங்குலத்தில் விற்கிறோம். 'பாசியைத் தின்னும், கண்ணாடியைத் துடைக்கும்' என்று சொல்லித்தான் விற்கிறோம், அதுவும் பொய் இல்லை. ஒன்றரை அடி வரை வளரும் என்று எந்தக் கடையிலும் சொல்வதில்லை. வளர்ந்த பிறகு வாடிக்கையாளர் திரும்பக் கொண்டுவருவார். பெரிய சக்கரை வாங்க ஆள் கிடையாது, கடையில் எடுத்துக்கொள்ள மாட்டோம். அப்புறம் அது போகிற இடம் ஏரி, கோயில் குளம், கால்வாய்.

மீதிப் பாதி யாரும் பேசாதது. கொளத்தூர், மாதவரம், திருவள்ளூர் பக்கம் மண் குட்டைகளில்தான் வண்ணமீன் உற்பத்தியே நடக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் குட்டை வழிந்தால் எந்த மீன் எந்த ஓடைக்குப் போனது என்று யாருக்குத் தெரியும்? எல்லாப் பழியையும் தொட்டி வைத்திருக்கிற பிள்ளைகள் தலையில் போடாதீர்கள்.

#4 செவுள்

படத்தைப் பார்த்தேன். பிடெரிகோப்ளிக்திஸ் பேரினம் என்பதில் சந்தேகம் இல்லை. முதுகுத் துடுப்பில் கதிர்கள் (துடுப்பைத் தாங்கும் குச்சிகள்) நிறைய இருக்கின்றன. இதன் நெருங்கிய உறவான ஹைப்போஸ்டோமஸில் 7 மென்கதிர்தான் இருக்கும். எந்த இனம் என்பதற்கு வயிற்றுப் பக்கப் படம் வேண்டும். வயிற்றில் தனித்தனிப் புள்ளியாக இருந்தால் பர்டாலிஸ், புள்ளிகள் ஒன்றோடொன்று இணைந்து புழு நெளிந்த மாதிரி கோடாக ஓடினால் டிஸ்ஜங்க்டிவஸ் என்பது பொதுவான அடையாளம். ஆனால் போய்ச் சேர்ந்த நாடுகளில் இரண்டும் கலந்து இடைப்பட்ட உருவங்களும் கிடைக்கின்றன, ஆகவே படத்தை மட்டும் வைத்து நான் இனப்பெயர் எழுத மாட்டேன். பேரினத்தோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

தாயகம் தென் அமெரிக்கா. அமேசான், ஒரினோகோ போன்ற ஆற்றுப் படுகைகள். தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தால் மேலே வந்து காற்றை விழுங்கும். அதன் இரைப்பையே பாதி நுரையீரலாக வேலை செய்கிறது. எனவே சாக்கடை கலந்த ஓடை நமக்குத்தான் தடை, அதற்கு இல்லை. கரைமண்ணில் ஒரு மீட்டர் ஆழம்கூட வளை தோண்டி முட்டையிடும், ஆண் மீன் காவல் இருக்கும். இந்தியாவில் கேரளம், தமிழ்நாடு, ஆந்திரம், தெலங்கானா, வங்காளம், பீகார் என்று பல மாநிலங்களிலிருந்து பதிவுகள் உண்டு. ஹைதராபாத் சி.சி.எம்.பி. (செல், மூலக்கூறு உயிரியல் மையம்) ஆய்வாளர்கள் தண்ணீரில் கரைந்திருக்கும் டி.என்.ஏ.வை வைத்துக் கிழக்குத் தொடர்ச்சி மலைப் பகுதி நீர்நிலைகளைச் சோதித்தபோது சுமார் 60 சதவீத இடங்களில் இதன் தடம் கிடைத்தது.

குஞ்சுகள் பற்றி: அங்கேயே பொரித்திருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் உறுதி இல்லை. மேலே எங்காவது வண்ணமீன் குட்டை இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.

#5 ஆனைமலை அடிவாரம்

எங்கள் பக்கம் ஓடையிலும் பாறையில் ஒட்டிக்கொண்டு ஒரு மீன் இருக்கிறது. வெள்ளத்திலும் நகராது. பையன்கள் 'சக்கர் வந்திருச்சு' என்று கல்லால் அடிக்கிறார்கள். படம் இணைத்திருக்கிறேன். இதுவும் அதுதானா?

#6 செவுள்

அடிக்க வேண்டாம், உடனே நிறுத்தச் சொல்லுங்கள்! அது கல்லொட்டி. நம் மலை ஓடைக்கே உரிய கெண்டைக் குடும்பத்து மீன். உடம்பில் செதில் இருக்கிறது பாருங்கள், சக்கருக்குச் செதில் கிடையாது, எலும்புத் தகடுதான். கல்லொட்டியின் ஒட்டு வட்டம் வாய்க்குப் பின்னால் தாடையடியில் இருக்கும், சக்கருக்கு வாயே உறிஞ்சி. வாலுக்கு முன்னால் முதுகில் முள்ளோடு இன்னொரு சின்னத் துடுப்பு சக்கருக்கு உண்டு, கல்லொட்டிக்கு இல்லை. இந்த மூன்றையும் பார்க்காமல் எதையும் கரையில் வீசாதீர்கள்.

இழை தொடங்கியவருக்கு: இதை முதல் பதிவிலேயே சேர்த்துவிடுங்கள். அந்நிய மீனைத் தேடுகிறேன் என்று கிளம்பி மண்ணின் மீனைக் கொன்றுவிட்டு வருவது பல ஊரில் நடக்கிறது.

#7 வாய்க்கால்கரை

சேர்த்துவிட்டேன். வயிற்றுப் படமும் போட்டிருக்கிறேன். எனக்குக் கோடாகத்தான் தெரிகிறது, ஆனால் பேரினத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மேலே வண்ணமீன் குட்டை எதுவும் இருப்பதாக ஊரில் யாருக்கும் தெரியவில்லை. கட்லா, ரோகு வளர்க்கிற குளங்கள் உண்டு.

#8 வீச்சுவலை

நான் ஏரியில குத்தகை எடுத்து மீன் பிடிக்கிறவன். இங்க எழுதுறவங்க பாதிப் பேரு படத்துலதான் பாத்திருப்பீங்க போல. வந்து வலையைப் பாருங்க. துடுப்பு முள்ளு நைலான்ல மாட்டுச்சுன்னா கழட்டவே முடியாது, கண்ணியை அறுத்துத்தான் எடுக்கணும். ஒரு நாளைக்கு வலையில ஏறுறது கூடையில பாதி இதுதான். விலைக்குப் போகாது, கருவாட்டுக்கும் ஆகாது. ராத்திரி கரையில தூக்கிப் போட்டா காலையில உயிரோட கிடக்கு. அறுந்த வலைக்குக் காசு எவன் தருவான்?

நீங்க ஊரு, தேதி, படம்னு பட்டியல் போடுறீங்க. சரி. போட்டு என்ன பண்ணப் போறீங்க? பட்டியலைப் பாத்து மீன் திரும்பிப் போயிருமா?

#9 சும்மா ஒருத்தன்

நியாயமான கேள்வி 👆

#10 கொளத்தூர் ஆள்

வலைக்கார அண்ணே, மெக்சிகோவிலும் இதே கதைதான். அங்கே இன்பியர்னியோ என்று பெரிய நீர்த்தேக்கம், ஜிலேபிக் கெண்டை (திலாப்பியா) பிடித்துப் பிழைத்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள். சக்கர் பெருகிய பிறகு வலை நிறைய இதுதான். 'பிசாசு மீன்' என்றே பேர் வைத்துவிட்டார்கள். உங்கள் கோபத்தில் தப்பே இல்லை.

#11 கரையேறி

வீச்சுவலை கேட்டதற்குப் பதில் சொல்லாமல் நகர்ந்தால் இந்த இழை போட்டோ ஆல்பமாகத்தான் முடியும். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது இருக்கிற மாதிரியான பட்டியலால் பயன் குறைவுதான். காரணம், அதில் 'பார்த்தேன்' மட்டும் இருக்கிறது. இந்த இழையைப் பார்த்துவிட்டு அடுத்த வருஷம் இன்னும் பலர் எழுதுவார்கள். வரைபடத்தில் புள்ளி கூடும். மீன் பரவியதா, தேடுகிற ஆள் கூடியதா? அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு யாராலும் சொல்ல முடியாது. ஐநேச்சுரலிஸ்ட் மாதிரி, பார்த்த உயிரினத்தை யாரும் படத்தோடு பதிகிற தளங்களில் எந்த மீனின் வரைபடத்தையும் திறந்து பாருங்கள். கல்லூரி இருக்கிற ஊர், நெடுஞ்சாலைப் பாலம், சுற்றுலா அருவி, இங்கேதான் புள்ளிகள் அப்பிக் கிடக்கும். அது மனிதர்கள் போன இடத்தின் வரைபடம்.

நம் காவிரியிலேயே சரியாக நடந்த ஒரு கதை இருக்கிறது. கர்நாடகத்தில் அர்க்காவதி வந்து காவிரியில் கூடுகிற சங்கமத்துக்குக் கீழே, காவிரி காட்டுக்குள் ஓடுகிற இடத்தில் கலிபோரே என்றொரு தூண்டில் முகாம் இருந்தது. மஹ்சீர் என்ற பெரிய ஆற்றுக் கெண்டையைப் பிடித்து எடை பார்த்து மறுபடி ஆற்றிலேயே விடுவார்கள். முகாமில் தினப்பதிவு எழுதுவது வழக்கம்: யார், எத்தனை மணி நேரம் தூண்டில் போட்டார், என்ன மீன், என்ன எடை. 1998 முதல் 2012 வரையான அந்தக் குறிப்புகளை ஆட்ரியன் பிண்டர், ராஜீவ் ராகவன், ராபர்ட் பிரிட்டன் மூவரும் பின்னால் எடுத்துக் கணக்குப் போட்டார்கள். 23,620 மணி நேரத் தூண்டில் உழைப்பு, 6,161 மீன்.

அதிலிருந்து தெரிந்தது இது. ஆற்றில் இரண்டு வகை மஹ்சீர் இருந்தன. ஒன்று காவிரிக்கே சொந்தமான திமில் மஹ்சீர், நம் பக்கத்தில் ஆனைக்கெண்டை என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1946-ல் கபினியில் 120 பவுண்டு எடையில் பிடிபட்டு உலகச் சாதனையானது அதுதான். இன்னொன்று நீலத் துடுப்பு மஹ்சீர், டோர் குத்ரீ. 1839-ல் புனே பக்கத்து ஆற்றிலிருந்து, அதாவது கிருஷ்ணா படுகையிலிருந்து, விவரிக்கப்பட்டது. லோனாவாலாவில் டாடா மின் நிறுவனத்தின் பொரிப்பகத்தில் செயற்கையாகப் பொரித்து, மஹ்சீரைக் காப்பாற்றுகிறோம் என்ற நல்லெண்ணத்தோடு பல ஆறுகளுக்கு அனுப்பினார்கள். காவிரிக்கும் வந்தது. நீலத் துடுப்பு ஒரு மணி நேரத் தூண்டிலுக்கு எத்தனை கிடைத்தது என்ற கணக்கு வருஷா வருஷம் ஏறுகிறது, சராசரி எடை இறங்குகிறது. குஞ்சு பொரித்துப் பெருகுகிறது என்று பொருள். திமில் மஹ்சீரோ வருஷா வருஷம் குறைகிறது. கிடைக்கிற சிலவும் பெரிது பெரிதாக இருக்கின்றன. குட்டி மீனே இல்லை. இளையது இல்லாமல் கிழடு மட்டும் மிஞ்சிய கூட்டம்.

அந்தக் காலத்தில் முகாமுக்குப் போனவர்களைக் கேட்டால் 'மஹ்சீர் நிறைய இருக்கிறது, முன்னைவிட நன்றாகவே மாட்டுகிறது' என்றுதான் சொல்லியிருப்பார்கள். மொத்தமாகப் பார்த்தால் அது உண்மையும்கூட. மணி நேரத்தையும் வகையையும் சேர்த்து எழுதியதால்தான் உள்ளே நடந்தது வெளியே வந்தது. 2018-ல் திமில் மஹ்சீருக்கு டோர் ரெமாதேவி என்ற அறிவியல் பெயர் உறுதியானது. அதே ஆண்டு ஐ.யூ.சி.என். என்ற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் சிவப்புப் பட்டியலில் 'மிக அருகிவிட்ட இனம்' என்று சேர்த்தார்கள். மோயாற்றில் கொஞ்சம் பிழைத்திருக்கிறது.

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான். சக்கர் கிடைத்த நாளை மட்டும் எழுதாதீர்கள். வலை போட்டு, சக்கர் இல்லாமல் வந்த நாளையும் எழுதுங்கள். எந்த இடம், என்ன வலை, எவ்வளவு நேரம், சக்கர் இல்லை. அவ்வளவுதான். ஒரு வாய்க்காலில் போன தை மாதம் நன்றாகத் தேடியும் இல்லை, இந்தத் தை மாதம் குஞ்சோடு இருக்கிறது என்றால், வந்த காலம் அந்த இடைவெளிக்குள் சிக்குகிறது. 'இல்லை' என்ற பதிவே கிடையாதென்றால் முதலில் பார்த்த தேதியைத்தான் வந்த தேதி என்று எல்லோரும் எழுதிக்கொண்டிருப்போம், மீன் அதற்கு ஐந்தாறு வருஷம் முன்பே வந்து குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கும்.

வீச்சுவலைக்கு: பட்டியலைப் பார்த்து மீன் போகாது. எந்த ஓடையில் இன்னும் இல்லை என்று தெரிந்தால் அங்கே வராமல் பார்க்கலாம். உங்கள் ஏரியில் இனி ஒழிப்பது கஷ்டம், அதை நானும் மறுக்கவில்லை. உங்கள் ஏரியின் கலங்கல் (நிரம்பினால் உபரி நீர் வழிகிற இடம்) எங்கே போய் விழுகிறது?

#12 வீச்சுவலை

கீழ ரெண்டு ஏரி. ரெண்டாவதுல இன்னும் வரல. போன மாசம் வரைக்கும் வரல.

#13 கரையேறி

இப்போது நீங்கள் எழுதிய 'போன மாசம் வரைக்கும் வரல' என்பது இந்த இழையிலேயே மிக உபயோகமான வரி.

#14 நீர்க்கணக்கு

மஹ்சீர் உதாரணம் எனக்கு ஒட்டவில்லை. சக்கர் கடல் கடந்து வந்த மீன். நீலத் துடுப்பு மஹ்சீர் மகாராஷ்டிரத்து மீன், இந்தியாவுக்குள்ளேயே ஒரு ஆற்றிலிருந்து இன்னொரு ஆற்றுக்குப் போனது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்தால் கட்லா, ரோகு, மிர்கால் எல்லாம் வடக்கத்தி மீன் என்று கிளம்புவீர்கள். அப்புறம் என்ன, ரோகுவையும் பிடித்துக் கரையில் போடலாமா? கறிக்கடையில் பாதி அதுதானே.

#15 கரையேறி

கரையில் போடச் சொல்லவில்லை. ஆனால் மீனுக்கு மாநில எல்லையோ தேச எல்லையோ தெரியாது. ஆற்றுப் படுகைதான் அதன் நாடு. கிருஷ்ணாவுக்கும் காவிரிக்கும் நடுவே நீர்ப்பிரிமேடு இருக்கிறது, அதைத் தானாகத் தாண்டாத மீனை மனிதன் தூக்கிக் கொண்டுவந்தால் காவிரிக்கு அது வேற்று மீன்தான். கட்லாவும் ரோகுவும் அப்படி வந்தவைதான். மக்கள் பசியாற்றுகின்றன, குளத்தில் வளர்க்கிறோம். அதனால் அவை மண்ணின் மீன் ஆகிவிடாது, உடனே ஒழிக்க வேண்டியவை என்றும் ஆகிவிடாது. நீலகிரியில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்ட டிரவுட் நூறு வருஷத்துக்கும் மேலாக அவலாஞ்சிப் பக்கம் இருக்கிறது. அதை யாரும் பூச்சாண்டியாகப் பார்ப்பதில்லை. அது வருவதற்கு முன் அந்தக் குளிர் ஓடைகளில் என்ன மீன் இருந்தது என்று யாராவது உட்கார்ந்து எழுதி வைத்திருந்தால் இன்றைக்கு எவ்வளவு உதவியாக இருந்திருக்கும்.

#16 நீர்க்கணக்கு

படுகைக் கணக்கை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஒரு வேறுபாட்டை விட்டுவிடாதீர்கள். மஹ்சீரைக் கொண்டுவந்து விட்டது அரசும் ஆர்வலர்களும், பதிவேடு போட்டு. அதைக் கேள்வி கேட்கலாம், நிறுத்தச் சொல்லலாம். சக்கரை யார் விட்டார் என்று யாரைக் கேட்பது?

#17 வவுனியான்

வணக்கம். இலங்கையில இருந்து எழுதுறன். இங்கயும் 'டேங்க் கிளீனர்' எண்டுதான் சொல்லுவினம். ஆத்திலயும் குளத்திலயும் பிடிபடுது. அதோட கத்தி மாதிரித் தட்டையா, உடம்பில வளையம் வளையமாப் புள்ளி இருக்கிற நைஃப் ஃபிஷும் தொட்டியில இருந்து வெளிய வந்து தெற்குப் பக்க ஆறுகளில பெருகிப் போச்சுது. அது சின்ன மீனை விழுங்கிற சாதி.

ஆனா ஒண்டு சொல்ல வேணும். எல்லா வெளி மீனும் ஒண்டு இல்ல. திலாப்பியா 50களில இங்க வந்தது. உங்கட ராமநாதபுரம் பக்க மண்டபத்துக்கும் 1952இல இங்க இருந்துதான் கொண்டு போனவை. இண்டைக்கு எங்கட குளங்களில பிடிக்கிற மீனில பெரும்பங்கு திலாப்பியாதான். அதில்லாட்டி உள்நாட்டு மீன்பிடியே இல்ல எண்டு சொல்லலாம். தொழில் செய்யிறவனிட்டப் போய் அது கூடாத மீன் எண்டு கதைச்சால் அடிதான் விழும்.

பரவுறதைப் பற்றி: எங்கட பக்கம் சின்னக் குளங்கள் சங்கிலித் தொடரா இருக்கு. மேல் குளம் நிரம்பி வான் பாய்ஞ்சால் (உங்கட கலங்கல் வழியிற மாதிரி) தண்ணி வயலுக்கால போய்க் கீழ்க் குளத்தில சேரும். மாரியில வான் பாயேக்க மீன் கீழ இறங்கும், சிலது எதிர்த்து மேலயும் ஏறும். அதனால குளத்துக்குப் பேர் எழுதினால் மட்டும் காணாது. அதுக்கு மேல எந்தக் குளம், கீழ எந்தக் குளம், போன மாரியில வான் பாய்ஞ்சதோ எண்டும் எழுதுங்கோ. பாயாத வருசத்தில புதுக் குளத்தில மீன் வந்தால் அது தண்ணியில வரேல்ல, வாளியில வந்தது.

#18 செவுள்

வவுனியானின் கடைசி வரியை அப்படியே படிவத்தில் போட வேண்டும். கேரளத்தில் 2018 ஆகஸ்ட் வெள்ளத்துக்குப் பிறகு ஆறுகளில் அரபைமா மாதிரிப் பெரிய அமேசான் மீன்கள் பிடிபட்டன. வளர்ப்புக் குளத்திலிருந்து வெள்ளத்தில் தப்பியவை. அங்கே காரணம் வெள்ளம் என்று சொல்ல முடிந்தது, ஏனென்றால் தேதி இருந்தது.

#19 ஆனைமலை அடிவாரம்

தண்ணீரைப் புட்டியில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினால் மீன் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார்களாமே? அப்படியென்றால் இந்த வலை, நேரம் எல்லாம் எதற்கு?

#20 செவுள்

சொல்வார்கள், ஆனால் அதற்கும் எல்லை உண்டு. சிகாகோவில் மிசிசிப்பிப் படுகையையும் பெரும் ஏரிகளையும் இணைக்கிற ஒரு கால்வாய் இருக்கிறது. வெள்ளிக் கெண்டையும் பெருந்தலைக் கெண்டையும் ஏரிக்குள் ஏறிவிடக் கூடாது என்று 2002 முதல் அதில் மின்வேலி வைத்திருக்கிறார்கள். 2009-ல் வேலிக்கு அந்தப் பக்கத் தண்ணீரிலும் அந்த மீன்களின் டி.என்.ஏ. கிடைத்தது. வலை போட்டால் மீன் கிடைக்கவில்லை. பறவை எச்சத்திலிருந்து வந்திருக்கலாம், படகின் அடியில் ஒட்டி வந்திருக்கலாம் என்று பெரிய சண்டை. 2010 ஜூனில் கலுமெட் ஏரியில் பெருந்தலைக் கெண்டை ஒன்று நிஜமாகவே வலையில் விழுந்தது. சண்டை அத்தோடும் ஓயவில்லை, ஒரு மீன் கூட்டமாகுமா என்று திரும்பியது.

நம் ஓடைகளுக்குச் செலவும் ஒரு தடை. கொழுத்த வெயிலில் டி.என்.ஏ. சீக்கிரம் சிதையும், கலங்கிய தண்ணீரில் வடிதாள் அடைத்துக்கொள்ளும். மேலே உள்ள ஊரில் சக்கரை வெட்டிக் கழுவிவிட்டாலும் கீழே தடம் வரும். எங்கே வலை போடலாம் என்று காட்ட அது நல்ல கருவி. வலைக்கு மாற்று இல்லை.

இதைவிடச் செலவில்லாத ஒன்று டெல்டாக்காரர்களிடம் இப்போது இருக்கிறது. தண்ணீர் இல்லாத கரை. சக்கரின் வளைகள் வழக்கமாக நீர்மட்டத்துக்குக் கீழே செங்குத்தான களிமண் கரையில் இருக்கும், தண்ணீர் வற்றினால் வரிசையாக வெளியே தெரியும். வாய் அகலம், உள்ளே சற்றுக் கீழ்நோக்கிச் சரியும். நண்டு வளை சிறிது, வாயில் மண் உருண்டை கிடக்கும். மீன்கொத்தியின் பொந்து நீர்மட்டத்துக்கு நன்றாக மேலே, கரையின் உச்சியை ஒட்டி இருக்கும், வாயில் எச்சம் வழிந்திருக்கும். அளவுக்கோல் வைத்துப் படம் எடுங்கள். ஜூன் 12 வழக்கப்படி மேட்டூர் திறந்தால் எல்லாம் மூழ்கிவிடும், அதற்குள் பார்க்க வேண்டும். கையை மட்டும் உள்ளே விடாதீர்கள், பாம்பு இருக்கும்.

#21 வாய்க்கால்கரை

இன்று மடுவுக்கு மேலே நடந்து பார்த்தேன். மதகுக்கு அருகே இடது கரையில் வளைகள் இருக்கின்றன. நண்டு வளையைவிடப் பெரிது. கரையில் ஒரு துண்டு சரிந்தும் கிடக்கிறது, ஆனால் அது வளையால்தான் சரிந்தது என்று நான் சொல்ல மாட்டேன், அதே இடத்தில் மாடுகளும் இறங்குகின்றன. வலது கரையில் சிமெண்டுப் பூச்சு, அங்கே எதுவும் இல்லை. கொஞ்சம் தள்ளி இன்னொரு கிளை வாய்க்கால் பிரிகிறது, அதில் இரு கரையிலும் தேடினேன், வளை இல்லை, மடுவிலும் பையன்கள் வலை வீசிப் பார்த்தார்கள், சக்கர் இல்லை. 'இல்லை' என்று எழுதிவிட்டேன்.

#22 சும்மா ஒருத்தன்

பிடிச்சதை என்ன பண்றது? எங்க தெருவுல ஒருத்தர் பாவம்னு திரும்ப ஏரியிலயே விட்டுட்டார்.

#23 கொளத்தூர் ஆள்

திரும்ப விடக் கூடாது. உயிரோடு வேறு ஊருக்கும் எடுத்துப் போகக் கூடாது, 'பார் எவ்வளவு பெரிசு' என்று வாளியில் சுமந்து காட்டுவதில்தான் பாதிப் பரவல். தலையில் ஓங்கி ஒரே அடி, அதுதான் வலி குறைவு. கரையில் துடிக்க விடுவது கொடுமை, அது சீக்கிரம் சாகவும் சாகாது.

தின்னலாமா என்று அடுத்து கேட்பீர்கள். அமேசான் கரையில் விரும்பிச் சாப்பிடுகிறார்கள், தகட்டோடு நெருப்பில் சுடுவார்கள். விஷ மீன் ஒன்றும் இல்லை. ஆனால் இது அடிச்சேற்றை மேய்கிற மீன், நம் ஊரில் கிடைக்கிற இடம் பெரும்பாலும் சாக்கடை விழுகிற ஏரி. அந்தச் சேற்றில் ஈயமோ காட்மியமோ இருந்தால் மீனிலும் ஏறும். நான் சாப்பிட மாட்டேன்.

#24 நீர்க்கணக்கு

தடை போட்டால் என்ன? ஆப்பிரிக்கக் கெளுத்திக்கு 2000-லேயே தடை வந்தது.

#25 வீச்சுவலை

தடை வந்து என்ன ஆச்சு? சந்தையில இன்னும் விக்குது. அதிகாரிங்க வந்தா குட்டையில மருந்து ஊத்தி அழிக்கிறாங்க, படம் எடுக்கிறாங்க, அடுத்த வருசம் பக்கத்துக் குட்டையில வளருது. ஆத்துல இருக்கிறது ஆத்துலயேதான் இருக்கு.

#26 கொளத்தூர் ஆள்

தடையைவிடத் திரும்ப வாங்கிக்கொள்கிற வழி இருந்தாலே கடையிலிருந்து வெளியே போவது குறையும். என் கடையில் பெரிய சக்கரைக் கொண்டுவந்தால் வாங்கிக்கொள்கிறேன் என்று பலகை எழுதி வைக்கிறேன். பணம் தர மாட்டேன், ஆனால் ஏரிக்குப் போகாது. மற்ற கடைக்காரர்கள் யாராவது இங்கே இருந்தால் நீங்களும் வைக்கலாம். பதிலுக்கு என்ன விற்கலாம் என்றும் யோசிக்கிறேன், பாசிக்கு நத்தையே போதும் என்று சிலர் சொல்கிறார்கள், அதுவும் வெளியே போனால் இன்னொரு இழை தொடங்க வேண்டியிருக்கும்.

#27 கரையேறி

பேசியதை வைத்துப் பொதுத்தாள் ஒன்று திறந்திருக்கிறேன், இணைப்பு இழையின் தலைப்பில். நிரப்ப ஒரு நிமிஷம் ஆகும். இடம், தேதி, வலையா தூண்டிலா கரையோரத் தேடலா, எவ்வளவு நேரம், சக்கர் உண்டா இல்லையா, இருந்தால் மிகச் சிறியதன் நீளமும் வயிற்றுப் படமும். மேலே, கீழே என்ன நீர்நிலை, கடைசியாக எப்போது வழிந்தது என்று வவுனியான் சொன்ன கேள்வியும் உண்டு. துல்லியமான இடம் தாளில் எல்லோருக்கும் தெரியாது, வட்டம் (தாலுகா) வரைக்கும்தான் காட்டும். குத்தகை ஏரிகளில் அது தேவை.

'இல்லை' வரிகளைப் பச்சையாக வைத்திருக்கிறேன். இப்போதைக்கு வாய்க்கால்கரையின் கிளை வாய்க்காலும் வீச்சுவலையின் இரண்டாம் ஏரியும் மட்டும் பச்சை.

#28 வீச்சுவலை

எனக்கு இந்தத் தாளெல்லாம் நிரப்ப வராது. வாய்ஸ் நோட்டு போடுறேன், யாராவது எழுதிக்குங்க. வாரம் ரெண்டு தடவை கீழ் ஏரியில செவுள் வலை போடுவேன், வந்தாலும் வரலைன்னாலும் சொல்லிர்றேன். ஒண்ணு மட்டும் கேக்குறேன். முதல் ஏரிக் கலங்கல்ல இப்ப தண்ணி வழியல. மழைக்கு முன்னாடி அங்க ஏதாவது கண்ணி வலை அடிச்சு மறிச்சா இறங்காம இருக்குமா? நீர்வளத்துறை ஆளுங்க வலை கட்ட விடுவாங்களா?

#29 நீர்க்கணக்கு

கலங்கலில் நிரந்தரமாக எதையும் அடைக்க விட மாட்டார்கள், விடவும் கூடாது. குப்பை சேர்ந்து வெள்ளத்தில் கரையே உடையும். கலங்கலுக்குக் கீழே ஓடை குறுகுகிற இடத்தில், தண்ணீர் மெலிந்த நாட்களில் மட்டும் வலை போட்டுப் பிடிக்கலாம், பெருவெள்ளத்தில் எடுத்துவிட வேண்டும். உதவிப் பொறியாளரிடம் எழுதிக் கொடுத்தே செய்யுங்கள். மனு நான் எழுதித் தருகிறேன், ஏரியின் பெயரைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.

#30 வாய்க்கால்கரை

செவுள், பெரியது ஒன்றும் குஞ்சு மூன்றும் ஐஸ் பெட்டியில் இருக்கின்றன. வீட்டில் ஐஸ்கிரீமுக்குப் பக்கத்தில் வைத்ததற்கு ஏற்கெனவே சண்டை. யாருக்காவது ஆய்வுக்கு வேண்டுமா?

#31 செவுள்

வேண்டும். குஞ்சு ஒன்றின் துடுப்பில் சின்னத் துண்டு வெட்டி நல்ல எத்தனாலில் போட்டுவிடுங்கள், டி.என்.ஏ. பார்க்க அது போதும். மற்றது அப்படியே இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை தஞ்சாவூர் புதுப் பேருந்து நிலையத்துக்கு வருகிறேன். நான்கையும் தனித்தனிப் பையில் போட்டு இடமும் தேதியும் பென்சிலால் எழுதுங்கள், பேனா மை கரைந்துவிடும்.

#32 வீச்சுவலை

வாய்ஸ் நோட்டு போட்டுட்டேன். கீழ் ஏரி, நேத்து ராத்திரி வலை, காலையில எடுத்தேன். கெண்டை, ஜிலேபி, ரெண்டு கெளுத்தி. சக்கர் இல்ல.